லீவர்ல வெச்ச கால்

வாங்க தம்பி, கேட்டத் தள்ளிட்டு உள்ள வாங்க. நாமக்கல்லுல இருந்து போன் பண்ணுனது நீங்கதானுங்களே? பஸ்லயா வந்தீங்க? நல்லதாப் போச்சு, வண்டி புடிச்சிருந்தா அப்பிடியே ஓட்டிட்டுப் போயிரலாம். சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. பைக்கு அந்தா, ஷெட்டுக்குள்ள தார்ப்பாய் போத்திக் கெடக்குது, எங்கயும் ஓடீராது. மொதல்ல ஒரு வாய் டீ குடிங்க. அம்மா, நாமக்கல் தம்பி வந்தாச்சு, டீ வெக்கச் சொல்லு.

உள்ள இருக்கறது என்ற தங்கச்சி தாரணி. ஸ்கூல்ல கணக்கு டீச்சருங்க. எனக்கும் அவளுக்கும் நேர்ப் பேச்சு போன ஆடியோட சரி. ஒரே வீட்டுலதான் இருக்கறோம், ஒரே டேபிள்லதான் சாப்பிடறோம். "அம்மா, அவருக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு"ம்பா. நான் எதுத்தாப்புலயே உக்காந்திருப்பேன். கூடப் பொறந்த அண்ணன், 'அவரு' ஆயிட்டேனுங்க. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒருத்தன். அவன் பேரு பூபதி.

வண்டி பாக்க வந்த ஆளுகிட்ட குடும்பக் கதைய எதுக்குச் சொல்றான்னு பாக்கறீங்க. காரணம் இருக்குதுங்க. கியர் மாத்தறப்ப இந்த வண்டி திக்குதா இல்லியாங்கறதுலதான் என்ற தங்கச்சி கலியாணமே நிக்குது. நீங்க வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஓட்டிப் பாத்துட்டு வந்து, வண்டி திக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னீங்கன்னாப் போதும். அந்தப் பூபதி கதைய அதோட முடிச்சுப்போடுவேன்.

யாரு அவன்னு கேக்கறீங்களா? பாலிடெக்னிக்ல இருந்து என்ற கூட்டாளி. ஒரே தட்டுல சாப்பிட்டவன்னு வெச்சுக்கங்களேன். படிச்சு முடிச்சு நான் பொள்ளாச்சி ரோட்டுல பம்ப்செட் கடை போட்டேன், அவன் கணபதி ஏரியால வொர்க்‌ஷாப் போட்டான். சும்மா ஆயில் மாத்தற வொர்க்‌ஷாப் இல்லீங்க, ரேஸ் ஓட்டற பசங்களுக்குச் சாமான் மாட்டற வேல. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் ஊருக்கு வெளிய இருக்கற ட்ராக்குக்குப் போயிருவோம். எங்கப்பா போனதுக்கப்பறம் வீட்டுக்கு மூத்த ஆம்பள நான்தான். தாரணிய இவனுக்குக் குடுக்கலாம்னு அம்மாகிட்ட மொத மொதல்ல சொன்னதும் நான்தானுங்க. அத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. பொண்ணும் சரின்னா, அவனும் சரின்னான், ஜாதகமும் பொருந்துச்சு. எல்லாம் கூடி வந்துச்சு.

அந்த நேரத்துலதான் அவன் அந்த வார்த்தையச் சொன்னான்.

ட்ராக்குக்கு வெளிய ஒரு டீக்கடை இருக்குது. வண்டியோட்டி முடிச்சா எல்லாரும் அங்கதான் நிப்போம். அன்னைக்கும் ஒரு கூட்டமே நிக்குது. எவனோ எம் பேச்ச எடுத்தான். நான் கியர் மாத்தறப்ப வண்டி ஒரு வெட்டு வெட்டும், தல முன்னால போயிட்டு வரும். எல்லாத்துக்கும் அப்பிடித்தானுங்க, என்ன, கொஞ்சம் கூடக் கொறைய இருக்கும். இவன் டீ கிளாஸக் கையில வெச்சுக்கிட்டு, "எங்க மச்சானுக்குப் பக்தி ஜாஸ்தி. ஒவ்வொரு கியருக்கும் ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் போவாரு"ன்னான். தலைய வேற ஆட்டிக் காட்டுனான். சிரிச்சானுங்க பாருங்க, டீ மாஸ்டர் மொதக்கொண்டு சிரிச்சான். அன்னையோட என்ற பேரு கும்புடுசாமி. கடைக்கு மோட்டார் வாங்க வர்றவன்கூட, கும்புடுசாமி கடை இதுதானுங்களான்னு கேட்டுட்டு வர்றான். கார்வேந்தன்னு இவ்வளவு பெருசா போர்டு தொங்குது, அது எவன் கண்ணுக்கும் தெரியறதில்ல.

அவன் சிரிச்சான், மறந்துட்டான். எனக்கு அந்தக் கொணம் கெடையாதுங்க. நானும் அப்பச் சிரிச்சேன். அவன் தோள்ல தட்டிக் குடுத்தேன். உள்ளுக்குள்ள, இருடி மாப்ள, வருச ரேஸ்ல உங்கண்ணு முன்னாலயே வெண்ணெயாட்டக் கியர் மாத்தி உன்னையத் தாண்டிப் போறேன், அன்னைக்கு நீ போடுவே கும்புடுன்னு கறுவிக்கிட்டேன். மத்தபடி எனக்கு யார் மேலயும் வன்மம் கெடையாது. நீங்க கடைத் தெருவுல விசாரிச்சுப் பாக்கலாம்.

அதுக்குத்தான் இந்தக் குயிக்‌ஷிப்டர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். கியர் லீவர்ல ஒரு சென்சார். காலு தூக்குதுன்னு தெரிஞ்ச ஒடனே, கண்ணு மூடித் தெறக்கற நேரத்துக்கு இன்ஜின வெட்டி விடும், அந்தச் சந்துல கியர் விழுந்துரும். கிளட்ச் புடிக்க வேண்டியதில்ல, ஆக்சிலேட்டர விட வேண்டியதில்ல. முறுக்கின கை முறுக்கினபடி இருக்கலாம். தல ஆடாது, மானம் போகாது.

அத யாரு மாட்டறது? அவனையேதான் மாட்டச் சொன்னேன். அவன் கையாலயே மாட்ட வெச்சு அவனையே தோக்கடிக்கணும், அதுலதானுங்க ருசி. கேட்டதும் அவனும் சந்தோசமா ஒத்துக்கிட்டான். கடைய மூடிப்போட்டு உக்காந்து, கம்பிய அளந்து வெட்டி, எத்தன அழுத்தத்துக்கு அது வேல செய்யணும்னு பாத்துப் பாத்து வெச்சான். தாரணி சோறு கொண்டாந்து குடுத்தா, அதக்கூடத் தள்ளி வெச்சுட்டுத்தான் செஞ்சான். அன்னைக்கு நான் அத மெச்சிக்கிட்டேன். இப்பத்தான தெரியுது, சூது செய்யறவனுக்குப் பசி எப்பிடிங்க எடுக்கும்.

முடிச்சுப்போட்டுப் பாடம் எடுத்தான். மெதுவாப் போறப்ப இத நம்பாத, கிளட்ச் புடிச்சே மாத்து, இன்ஜின் நல்லா ஏறின பொறகு இத வெச்சு மாத்துன்னான். மாத்தறப்ப பயந்துட்டு ஆக்சிலேட்டரக் கொறைக்காதன்னான். அப்பறம் என்ற காலப் பாத்து ஒண்ணு சொன்னான்.

"மச்சான், கால லீவர்ல வெச்சுக்கிட்டே ஓட்டாத. மாத்தறப்ப மட்டும் கொண்டு போ, ஒரே தூக்கு, ஒடனே எடுத்துரு."

எனக்கு எப்பவுமே கால் வெரல் லீவருக்கு அடியில முட்டிக்கிட்டுத்தானுங்க இருக்கும். வண்டி பழகுன நாள்ல இருந்து அப்பிடித்தான். அடுத்த கியருக்குத் தயாரா இருக்க வேண்டாமா? கால எங்கயோ வெச்சுட்டு, வேணுங்கறப்பத் துழாவறதுக்கு நான் என்ன நேத்து வண்டி பழகுனவனா? நீ முட்டிக்கிட்டே இருந்தா, இவன் கியர் மாத்தப் போறான்னு அது நெனச்சு வேண்டாத நேரத்துல இன்ஜின வெட்டும், நெசமா மாத்தறப்ப வெட்டாம விட்டுரும், வண்டி திக்கும்னு அவன் வெளக்கஞ் சொன்னான். மெசின் நெனைக்குமாமா. நான் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டேன். அவன் சொல்லி நான் கால எடுத்தா, அப்பறம் நான் ஜெயிச்சாலும் அது அவன் ஜெயிச்ச மாதிரிதான?

இதையும் கேளுங்க. மாட்டி முடிச்சு அவன் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுனான். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சத்தம் அறுபடவே இல்ல, ஒரே மூச்சு. நான் ஏறி ஓட்டுனேன், திக்குது. மறுக்கா அவன் ஏறுனான், திக்கல. நான் ஏறுனேன், திக்குது. இதுல இருந்தே வெளங்குதா இல்லீங்களா? அவனுக்கு ஒரு செட்டிங், எனக்கு ஒரு செட்டிங். இப்பவெல்லாம் போன்லயே மாத்திக்கலாமுங்க. அன்னைக்கு எனக்கு இது தோணல. கூட்டாளியாச்சே, மாப்பிள்ளையாகப் போறவனாச்சேன்னு நம்பிட்டேன். வெகுளியா இருந்தா இதுதான் கதி.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கர பத்துமா? அம்மா, அவளையே கொண்டாந்து குடுக்கச் சொல்லீருக்கலாமில்ல. சரி விடு.

வருச ரேஸுக்கு ரெண்டு குடும்பமும் வந்திருந்துச்சு. எங்கம்மா, தாரணி, அவங்கப்பா அம்மா, எல்லாரும் புளிசாதம் கட்டிக்கிட்டு வந்து பந்தலுக்கு அடியில உக்காந்திருக்கறாங்க. கலியாணப் பத்திரிக்கைக்கு மஞ்சத் தடவ வேண்டியதுதான் பாக்கி. கொடி எறங்குச்சு. கடைசி ரவுண்டு வரைக்கும் நான் அவன் முதுகுலயேதான் போறேன். கடைசி வளைவுல அவன் கொஞ்சம் வெளிய போனான், நான் உள்ள பூந்தேன். அவனுக்கு முன்னால நான் இருக்கறேனுங்க. நேர்ப் பாத, தூரத்துல கொடி தெரியுது. கைய முழுசா முறுக்குனேன். கால் வெரல லீவருக்கு அடியில நல்லா முட்டிக்கிட்டு, இப்ப மாத்தறேன்டா பாருன்னு இருக்கறேன். அப்ப திக்குச்சு பாருங்க. தொண்டையில எலும்பு சிக்குன ஆளாட்டம் திக்குது. அவன் தாண்டிட்டான். எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு, லீவர எத்துனேன், கியர் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ போயி நின்னுச்சு. வண்டி ரோட்ட விட்டு எறங்கி ஜல்லில உருண்டுருச்சு. இந்தா பாருங்க, தோள்ப்பட்ட எலும்பு இன்னும் மேடாட்டம் இருக்குதா.

இதுக்கப்பறம் நடந்ததுதான் முக்கியம். அவன் முன்னால கொடி மட்டுந்தான் இருக்குது. போயி ஜெயிச்சிருக்கலாமில்ல? போகல. திரும்பிப் பாத்திருப்பானாட்ட இருக்குது, வண்டியப் புல்லுல போட்டுப்போட்டு ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம என்னையப் பாத்து ஓடி வர்றான். எவனாவது ஜெயிக்கற ரேஸ விட்டுட்டு வருவானுங்களா? உள்ள ஒரு உறுத்தல் இல்லாம? வந்தவன் என்ற பக்கத்துல மண்டி போட்டு, மொத வேலையாப் போன எடுத்தான். எடுத்து அமுக்கறான். அந்த வலியிலயும் நான் பாத்துட்டேன். செட்டிங்க அழிக்கறான். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுனாருன்னு தாரணி சொல்றா. ஆம்புலன்ஸ் வந்துச்சுதான், இல்லைங்கல. ஆம்புலன்ஸையும் கூப்புட்டுட்டு இதையும் அழிச்சிருக்கலாமில்ல? ரெண்டையும் செய்யறதுக்கு எத்தன நேரமுங்க ஆகும்?

ஆஸ்பத்திரிக் கட்டில்ல கை கட்டுப் போட்டுப் படுத்துக்கிட்டே கலியாணத்த நிறுத்துனேன். அவங்கப்பா வந்து கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு, பெரிய மனுசன், பாவமாத்தான் இருந்துச்சு. நான் மசியல. தாரணி என்கூடச் சண்ட போட்டா. அவன் வேணுமா நான் வேணுமா, அம்மா முன்னால இப்பவே சொல்லுன்னேன். அம்மா அழுதுச்சு. அவ அன்னைக்கு வாய மூடுனவதான். பாத்தீங்களா, அண்ணன்னு வந்ததும் அண்ணன் பக்கந்தான் நின்னா. அந்தச் சந்தோசம் எனக்கு இருக்குது.

கலியாணத்த நிறுத்துனதோட விட்டுப்போட்டா, நான் கும்புடுசாமியாவே இருந்துருவேனில்ல? அதனால வேலைய ஆரம்பிச்சேன். எங்க பம்ப்செட் சங்கத்துப் பசங்க பாதிப் பேரு வண்டி அவன்கிட்டத்தான் நின்னுச்சு. ஒவ்வொருத்தனாப் புடிச்சு, மச்சான் ஆகப்போறவனுக்கே இப்பிடிச் செஞ்சவன் உனக்குச் செய்ய மாட்டானான்னு கேட்டேன். ஒவ்வொரு வண்டியாக் கெளம்புச்சு. அப்பறம் அவன் கடை எடத்துக்காரரப் போயிப் பாத்தேன். பெட்ரோல உள்ளயே தேக்கி வெக்கறான், பக்கத்துல ஸ்கூல் இருக்குது, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்னு காதுல போட்டேன். எந்த வொர்க்‌ஷாப்லதான் பெட்ரோல் இல்ல? ஆனா சொல்ற மொறையில சொன்னா எடுக்குது. காலி பண்ணச் சொல்லீட்டாரு. இப்பச் சூலூருக்கு அந்தாண்ட தகரக் கொட்டாயில உக்காந்து மொபெட்டுக்குப் பஞ்சர் பாக்கறானாம். கேட்ட அன்னைக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சுங்க. பொய் சொல்லுவானேன்.

இத்தனைக்கும் அவன் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலீங்க. குத்தம் இல்லாதவன் சும்மா இருப்பானுங்களா? நேரா வந்து சட்டையப் புடிச்சுக் கேக்க மாட்டான்? ஒரே ஒரு தரம் போன்ல எழுதி அனுப்புனான். என்னன்னு நெனைக்கறீங்க? "மச்சான், தோளு ஆறுன பொறகு ஓட்டறப்ப கால மட்டும் லீவர்ல வெக்காத"ன்னு. அந்த நெலமையிலயும் கிண்டல் பாருங்க.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். தாரணிக்குத் திருப்பூர்ல இருந்து ஒரு எடம் வந்திருக்குது. பனியன் கம்பெனி, ஒரே பையன், தங்கமான குடும்பம். வர்ற வியாழக்கிழம நிச்சயம் பண்ண வர்றாங்க. இவ மூஞ்சி குடுத்துப் பேசல. கடைசியா அம்மாகிட்டச் சொல்லி விட்டா. அந்த வண்டில யாரும் ஒரு ஸ்க்ரூகூடத் திருகக் கூடாது, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தரு வந்து ஓட்டிப் பாக்கட்டும், அவருக்கும் திக்குச்சுன்னா நான் திருப்பூர்க்காரருக்குக் கழுத்த நீட்டறேன்னு. விளம்பரம் போட்டதே அவதானுங்க. கணக்கு டீச்சரில்ல, எல்லாத்துக்கும் ஒரு விடை வேணும் அவளுக்கு.

நான் ஒடனே சரின்னுட்டேன். எனக்கென்ன பயம்? ரேஸ்காரங்க வேன்ல கொண்டாந்து எறக்குன நாள்ல இருந்து அத ஒருத்தரும் தொடல. ஒரு பக்கம் சிராய்ச்சிருக்குது, அவ்வளவுதான். பேட்டரி மட்டும் சார்ஜ் போட்டு வெச்சேன். அவளுக்கு இது வெறும் பரீட்ச. எனக்கு இது சாட்சி. நீங்க திக்குதுன்னு சொல்றத போன்ல பதிஞ்சு, ட்ராக் பசங்க குரூப்புல போட்டு, அவங்கப்பாவுக்கும் ஒண்ணு தட்டி விட்டுருவேன். அப்பறம் சூலூர்ல பஞ்சர் ஒட்டக்கூட எவனும் அவன்கிட்டப் போகக் கூடாது. இந்தாங்க சாவி. பைபாஸ்ல ஏறி நல்லா முறுக்கிப் பாத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டேன், உங்களுக்கு எப்பிடிப் பழக்கமோ அப்பிடியே ஓட்டுங்க.

*

வாங்க, வாங்க. அங்கயே நிறுத்துங்க. பைபாஸ்லதான போனீங்க? சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. வேற எவனோ வண்டியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன், ஒரே மூச்சாப் போச்சு. சரி, இருங்க, பதியறதுக்கு அமுக்கிக்கறேன். ம். பேரு, ஊரு சொல்லிப்போட்டு, வண்டி எப்பிடித் திக்குச்சுன்னு சத்தமாச் சொல்லுங்க.

என்னங்க?

இருங்க இருங்க, நிறுத்திக்கறேன். திக்கவே இல்லீங்களா? இத்தன சுளுவா எந்த வண்டியும் மாத்துனதில்லீங்களா? அழிச்சுடறேன் இத. தம்பி, நீங்க கால எங்க வெச்சிருந்தீங்க? புட்ரெஸ்ட் மேலயா? மாத்தறப்ப மட்டும் கொண்டு போனீங்களா? அது எப்பிடிங்க உங்களுக்குத் தெரியும்? யாரு சொன்னா? எல்லாரும் அப்பிடித்தான் ஓட்டுவாங்களா? நீங்க நெசமாவே நாமக்கல்லா, இல்ல சூலூர்ல இருந்து வர்றீங்களா? கோவிச்சுக்காதீங்க. என்ற நெலமையில இருந்தா நீங்களும் கேப்பீங்க.

உங்களுக்குப் பின்னால நிக்கறாளே, அவதான் தாரணி. எப்ப வந்தான்னே தெரியல. என்னமோ சொல்றா. அம்மாவப் பாத்துச் சொல்லலீங்க, என்னையப் பாத்து.

"அண்ணா, நீ கால எடுத்துட்டு ஒருக்கா ஓட்டிப் பாரு. நான் பின்னால உக்காந்துக்கறேன். திக்கலைன்னா சூலூருக்குப் போயி அவருகிட்ட ஒரு வார்த்த பேசு. வேற எதுவும் நான் கேக்கல."

கேட்டீங்களா, அண்ணான்னுட்டா. எத்தன நாளாச்சு அந்த வார்த்தையக் கேட்டு. ஓட்டீருவேன், ஓட்டறதுல என்ன இருக்குது? ஏறி உக்காந்து, கால எடுத்து அந்தாண்ட வெச்சு, பைபாஸ் வரைக்கும் போயிட்டு வர்றதுதான. ஆனா போயி, அது திக்காம வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. அப்ப அவன் கடை? அவங்கப்பன் வந்து கையப் புடிச்சது? இத்தன பேருகிட்ட நான் சொன்னது?

முடியாதும்மா. எனக்குத் தோளு வலிக்குது. டாக்டரு ஓட்டக் கூடாதுன்னிருக்கறாரு.

ஏன் இப்பிடிப் பாக்கறா? திட்டீருந்தாக்கூடப் பரவால்லீங்க. உள்ள போறா. பாருங்க, பைய எடுத்துட்டு வர்றா. அம்மாகிட்ட என்னமோ சொல்றா. என்னம்மா சொல்றா? சூலூருக்கா? திருப்பூர்க்காரங்கள வர வேண்டாம்னு நீயே போன் பண்ணிச் சொல்லோணுமா? ஏம்மா நீ அவளப் புடிச்சு நிறுத்தாம கேட்டத் தெறந்து விடறே?

தம்பி, சாவியக் கீழ வெக்காதீங்க. வண்டிய நீங்களே வெச்சுக்கங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவளுக்குக் கேக்கற மாதிரி, திக்குச்சுன்னு ஒரே ஒருக்காச் சத்தமாச் சொல்லீருங்க. அவ பஸ் ஏறறதுக்குள்ள சொல்லுங்க.